விரல் நுனியில் ஒரு வெப்பமானி: பதின்பருவ மைக்ரேனும் தளர்வுப் பயிற்சிகளும்

மைக்ரேனுக்குத் தமிழில் ‘ஒற்றைத் தலைவலி’ என்று பெயர். மைக்ரேன் என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கும் கிட்டத்தட்ட அதே பொருள்தான்: பாதி மண்டை. பெரியவர்களுக்கு இந்தப் பெயர் ஓரளவு பொருந்துகிறது. பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தலையின் இரண்டு பக்கமும் வலிப்பது சாதாரணம். பெரியவர்களுக்கு மைக்ரேன் என்று சொல்ல வலி 4 மணி நேரமாவது நீடிக்க வேண்டும். இந்த வயதினருக்கு 2 மணி நேரம் போதும் என்று சர்வதேசத் தலைவலி வகைப்பாடு சொல்கிறது. ஆக, மதியம் இருட்டறையில் சுருண்டு கிடந்த பிள்ளை சாயங்காலம் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வருகிறது. ‘உனக்குப் பரீட்சை வந்தால்தான் தலைவலி வரும்’ என்ற பேச்சு பிறப்பது இங்கேதான்.

அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதுதான் சிக்கல். மன அழுத்தம் மைக்ரேனைத் தூண்டும். ஆனால் தூண்டுவது வேறு, நோய்க்குக் காரணமாக இருப்பது வேறு. மைக்ரேன் பெரும்பாலும் குடும்பத்தில் வழிவழியாக வருகிற நரம்பியல் பிரச்சினை. பருவமடையும் வரை ஆண், பெண் பிள்ளைகளிடம் ஏறக்குறையச் சமமாக இருக்கும். அதன் பிறகு பெண்களிடம் அதிகமாகி, பெரியவர்களாகும்போது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்காகிவிடும். இன்னொன்றும் உண்டு. அழுத்தம் ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் மைக்ரேன் வரும். அழுத்தம் குறைந்த அடுத்த சில மணி நேரங்களில் வலி வரும் வாய்ப்பு கூடுகிறது என்று பெரியவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2014ல் வெளியானது. பரீட்சைக்குப் பயந்து நடிக்கிற பிள்ளை என்றால், பரீட்சை முடிந்த மறுநாள், விடுமுறையின் முதல் காலையில், எதற்காகத் தலையைப் பிடித்துக்கொண்டு படுக்க வேண்டும்?

மைக்ரேன் வருகிற மூளைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஒரே வெளிச்சத்தையோ ஒலியையோ திரும்பத் திரும்பக் கொடுத்தால், மற்றவர்களின் மூளை கொஞ்ச நேரத்தில் ‘சரி, தெரிந்ததுதான்’ என்று எதிர்வினையைக் குறைத்துக்கொள்ளும். மைக்ரேன் உள்ளவர்களின் மூளை, வலி இல்லாத நாட்களில்கூட, அவ்வளவு சுலபமாகப் பழகிக்கொள்வதில்லை என்று பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். எல்லாமே புதிதாக, கொஞ்சம் அதிகமாக உள்ளே வருகிறது. தூக்கம் குறைந்தது, சாப்பாடு தள்ளிப்போனது, வகுப்பறைச் சத்தம், மாதவிடாய் என்று நாலைந்து ஒன்றாகச் சேரும் நாளில் எல்லை தாண்டுகிறது. முகத்திலிருந்தும் மூளையுறையிலிருந்தும் உணர்வைக் கொண்டுவரும் முக்கிளை நரம்பு விழித்துக்கொள்கிறது. சிஜிஆர்பி என்ற வேதிப்பொருள் வெளியாகிறது. வலி, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்காத நிலை எல்லாம் தொடர்கின்றன. தசையைத் தளர்த்துவதும் மூச்சை மெதுவாக்குவதும் இந்த வரிசையில் எங்கே வந்து நுழைகின்றன என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் மருந்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட வேண்டும். ‘பயிற்சியெல்லாம் எதற்கு, நல்ல மாத்திரையாகக் கொடுங்கள்’ என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் 8 முதல் 17 வயது வரையிலான 361 பிள்ளைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வொன்று 2017ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அச்சானது. வலி வராமல் தடுக்கத் தினமும் சாப்பிடும் அமிட்ரிப்டிலின், டோபிராமேட் என்ற இரண்டு மருந்துகளையும் மருந்தே இல்லாத போலி மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். வலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் அமிட்ரிப்டிலின் சாப்பிட்டவர்களில் 52 சதவீதம், டோபிராமேட்டில் 55 சதவீதம், போலி மாத்திரையில் 61 சதவீதம். மேற்கொண்டு நடத்திப் பயனில்லை என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். பக்கவிளைவுகள் மட்டும் மருந்து சாப்பிட்டவர்களுக்கு அதிகம்.

இதைப் படித்துவிட்டு ‘பார்த்தீர்களா, எல்லாம் மனசுதான்’ என்று சிலர் சொல்வார்கள். அது தவறான வாசிப்பு. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மற்றவையெல்லாம் உண்மையாகவே கிடைத்தன: காது கொடுத்துக் கேட்கும் மருத்துவர், தினமும் எழுதும் தலைவலி டைரி, குறையப்போகிறது என்ற எதிர்பார்ப்பு. வலி உச்சத்தில் இருக்கும்போது சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு அது தானாகவே கொஞ்சம் தணிவதும் உண்டு. பதின்பருவத்து மூளை இவற்றுக்கெல்லாம் நன்றாகவே இசைந்து கொடுக்கிறது என்பதுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது. அப்படியானால், மாத்திரைக்கு வெளியே இருக்கும் அந்த ‘மற்றவை’யை ஒழுங்காக, முறையாகக் கற்றுக்கொடுத்தால் என்ன?

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் அதற்கு முன்பே வந்திருந்தது. 2013ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ஜாமாவில் வெளியான ஆய்வு அது. 10 முதல் 17 வயது வரை 135 பேர். 28 நாட்களில் சராசரியாக 21 நாட்கள் தலைவலி இருந்தவர்கள். அனைவருக்கும் அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். கூடவே ஒரு பாதிப் பேருக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் கையாளும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. இதில் பயோஃபீட்பேக், அதாவது உடம்பின் அளவுகளை உடனுக்குடன் காட்டும் கருவி, வைத்துச் சொல்லிக்கொடுக்கும் தளர்வுப் பயிற்சியும் அடக்கம். மறுபாதிப் பேருக்கு அதே எண்ணிக்கையிலான அமர்வுகளில் தலைவலி பற்றிய பாடம் மட்டும். 20 வாரம் கழித்து, பயிற்சி பெற்றவர்களுக்கு மாதத்தில் 11.5 வலி நாட்கள் குறைந்திருந்தன. பாடம் மட்டும் கேட்டவர்களுக்கு 6.8. வலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் 66 சதவீதம், எதிர்ப்பக்கம் 36 சதவீதம். இரு தரப்புக்கும் மருந்தும் ஒன்று, ஒருவர் உட்கார்ந்து பேசிய நேரமும் ஒன்று என்பதால் இந்த வித்தியாசத்துக்கு மதிப்பு அதிகம்.

ஓய்வு வேறு, தளர்வு வேறு

‘எப்போது பார்த்தாலும் படுத்துக்கொண்டுதானே இருக்கிறாய், இதைவிட என்ன ரிலாக்ஸ் வேண்டும்?’ என்பது அடிக்கடி கேட்கிற வசனம். கட்டிலில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள். தோள் காதை நோக்கி ஏறியிருக்கும். தாடை இறுகியிருக்கும். மூச்சு நெஞ்சின் மேல்பகுதியில் மட்டும் நடக்கும். உடம்பு படுத்திருக்கிறது, நரம்பு நின்றுகொண்டிருக்கிறது. தளர்வு என்று இங்கே சொல்வது, பரிவு நரம்பு மண்டலம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் ‘ஓடு அல்லது எதிர்த்து நில்’ அமைப்பின் வேகத்தைக் குறைப்பதை. அது தானாக நடக்கும் வேலை. நேராகக் கட்டளையிட முடியாது. ஆனால் அதோடு கோத்திருக்கும் இரண்டு சரடுகள் நம் கைக்கு எட்டும்: தசையும் மூச்சும்.

தசையை வைத்துத் தொடங்கியவர் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர். படிப்படியான தசைத் தளர்வு என்ற அவரது முறை 1929ல் புத்தகமாகவே வந்தது. அவர் சொல்லிக்கொடுத்த விதத்தில் கற்க மாதக்கணக்கில் ஆகும். பின்னால் வந்தவர்கள் அதை 16 தசைத் தொகுதிகளாகச் சுருக்கினார்கள். ஒரு கையை முஷ்டியாக இறுக்கி ஐந்து முதல் ஏழு விநாடி பிடித்து, சட்டென்று விட்டுவிட்டு, அரை நிமிடம் அந்த வித்தியாசத்தைக் கவனிப்பது. பிறகு முன்கை, தோள், நெற்றி, கண், தாடை, வயிறு, கால் என்று போவது. இறுக்குவது பயிற்சியின் நோக்கமல்ல. இறுக்கம் எப்படி இருக்கும் என்று உடம்புக்கு அடையாளம் காட்டத்தான் அது. பல மாதங்களாகத் தோளை இறுக்கியே வைத்திருக்கும் பிள்ளைக்கு, அதுவே இயல்பாகத் தெரியும். தளர்ந்த தோள் எப்படி இருக்கும் என்பதே மறந்திருக்கும். ஒரு எச்சரிக்கை: மைக்ரேன் உள்ளவர்கள் கழுத்தையும் தாடையையும் பலமாக இறுக்கினால் அதுவே வலியைக் கிளப்பிவிடலாம். அந்த இடங்களில் லேசாகச் செய்வது, இல்லாவிட்டால் இறுக்காமல் தளர்த்த மட்டும் செய்வது நல்லது.

16 தொகுதிகளும் முடிய இருபது நிமிடம் பிடிக்கும். எந்தப் பதின்பருவப் பிள்ளையும் ஆயுள் முழுக்க அதைச் செய்யப் போவதில்லை. அதனால் சில வாரங்களில் அதைக் குறுக்குவார்கள். முதலில் நாலைந்து பெரிய தொகுதிகள். அப்புறம் இறுக்காமல் தளர்த்துவது மட்டும். அப்புறம் மூச்சை விடும்போது மனதுக்குள் ஒரே ஒரு சொல்லைச் சொல்லி அதோடு தளர்வைப் பிணைப்பது. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் இப்படி உருவாக்கிய முறையில், கடைசிக் கட்டம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வகுப்பில் உட்கார்ந்தபடியே, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் செய்யலாம். இந்த வயதில் ‘யாருக்கும் தெரியாமல்’ என்பது சின்ன விஷயம் இல்லை. ஸ்வீடனில் 1980களிலிருந்தே பள்ளிகளுக்குள்ளேயே தலைவலி உள்ள மாணவர்களுக்குத் தளர்வுப் பயிற்சி கொடுத்து, நேரடியாகவும் ஒலிநாடாவை வைத்துக்கொண்டு தாமாகவும் எனப் பல விதமாகச் சோதித்திருக்கிறார்கள்.

மூச்சைப் பற்றி நிறையப் பேர் தவறாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘நன்றாக ஆழமாக இழு, இன்னும் இழு’ என்பார்கள். வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும்; ஏற்கனவே குமட்டலோடு இருக்கும் பிள்ளைக்கு இது கொடுமை. வேண்டியது மெதுவான மூச்சு. வயிறு எழும்ப இழுத்து, இழுத்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்து வெளியே விடுவது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவையொட்டி வரும்போது, மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும் இதயத் துடிப்பின் அலை பெரிதாகிறது. இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயலும் அதே தாளத்தில் சேர்ந்துகொள்கிறது. ஆளுக்கு ஆள் இந்த எண் கொஞ்சம் மாறும். ஆறுதான் வர வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துத் திணற வேண்டியதில்லை.

ஜெர்மானிய மருத்துவர் ஷூல்ட்ஸ் 1932ல் வெளியிட்ட இன்னொரு முறையில் தசையை இறுக்குவதே கிடையாது. ‘என் கை கனமாக இருக்கிறது, என் கை வெதுவெதுப்பாக இருக்கிறது, நெற்றி குளிர்ச்சியாக இருக்கிறது’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அந்த உணர்வு வரக் காத்திருப்பது. கேட்க விளையாட்டாக இருக்கும். பயோஃபீட்பேக்கோடு இதைச் சேர்த்தபோதுதான் இதன் மதிப்பு தெரிந்தது.

கண்ணாடி காட்டும் கருவி

பயோஃபீட்பேக் கருவி உடம்புக்குள் எதையும் அனுப்புவதில்லை. மின்சாரம் பாய்ச்சுவது, அதிர்வு கொடுப்பது எதுவும் இல்லை. உடம்பிலிருந்து வரும் ஓர் அளவை எடுத்துத் திரையில் காட்டும், அல்லது ஒலியாகக் கேட்கச்செய்யும். அவ்வளவுதான். அந்த அளவு நெற்றியிலோ கழுத்தை ஒட்டிய தோளிலோ உள்ள தசையின் மின் சமிக்ஞையாக இருக்கலாம். வியர்வையால் மாறும் தோலின் மின்கடத்துதிறனாக இருக்கலாம். இதயத் துடிப்பாக இருக்கலாம். மைக்ரேனில் அதிகம் பயன்பட்டது விரல் நுனியின் வெப்பம்.

விரல் ஏன்? விரல் நுனித் தோலில் இரத்த ஓட்டத்தைத் திறந்து மூடுவது ஏறக்குறைய முழுக்கப் பரிவு நரம்புகளின் கையில் இருக்கிறது. பதற்றம் வந்தால் குழாய்கள் சுருங்கி விரல் சில்லிடும். பதற்றம் தணிந்தால் விரியும், விரல் சூடாகும். பயந்தால் கை ஜில்லென்று ஆவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அறை வெப்பம் மாறாத வரை, விரலில் ஒட்டிய சின்ன சென்சார் அந்த நரம்புகளின் மனநிலையைச் சொல்லிவிடும். பொதுவாக 35 டிகிரி செல்சியஸை எட்டுவதை இலக்காக வைப்பார்கள்.

இது மைக்ரேனுக்கு வந்த கதை சுவையானது. 1960களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் மெனிங்கர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் எல்மர் கிரீன் குழுவினர் ஷூல்ட்ஸின் முறையைச் செய்யும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள். வந்திருந்த ஒரு பெண்ணுக்கு அப்போது மைக்ரேன். திடீரென்று அவரது கை வெப்பம் இரண்டு நிமிடத்தில் 10 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறியது. அதே நேரத்தில் தலைவலியும் விட்டது. அங்கிருந்து, கையைச் சூடாக்கக் கற்றுக்கொண்டால் மைக்ரேன் குறையுமா என்ற ஆராய்ச்சி கிளம்பியது. அப்போதைய விளக்கம் சுலபமானது: மைக்ரேன் என்றால் தலையின் இரத்தக்குழாய் வீங்குவது, இரத்தத்தைக் கைக்குத் திருப்பிவிட்டால் தலை லேசாகும். அழகான விளக்கம், ஆனால் நிற்கவில்லை. மைக்ரேன் வெறும் இரத்தக்குழாய்ப் பிரச்சினை இல்லை என்று தெரிந்தது. போதாக்குறைக்கு, விரலைக் குளிர வைக்கக் கற்றுக்கொடுத்த சில ஆய்வுகளிலும் தலைவலி குறைந்தது.

அப்படியென்றால் எது வேலை செய்கிறது? 1984ல் இறுக்கத் தலைவலி உள்ள கல்லூரி மாணவர்களை வைத்து கென்னத் ஹோல்ராய்ட் குழுவினர் ஒரு குறும்புத்தனமான சோதனை செய்தார்கள். எல்லாரும் நெற்றித் தசையைத் தளர்த்தப் பழகுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் பாதிப் பேருக்குக் கருவி இறுக்கத்தைக் கூட்டவே பழக்கியது. அதோடு, சிலரிடம் ‘நீங்கள் பிரமாதமாகச் செய்கிறீர்கள்’ என்று காட்டினார்கள். சிலரிடம் ‘சுமார்’ என்று காட்டினார்கள். தசை எந்தப் பக்கம் போனது என்பது தலைவலியை மாற்றவில்லை. பிரமாதம் என்று காட்டப்பட்டவர்களுக்கு வலி 53 சதவீதம் குறைந்தது, சுமார் என்று காட்டப்பட்டவர்களுக்கு 26 சதவீதம். மைக்ரேனில் செய்த சோதனை இல்லை, ஆட்களும் கொஞ்சம் பெரியவர்கள். ஆனாலும் இதைப் படித்த பிறகு பயோஃபீட்பேக் கருவியைப் பழையபடி பார்க்க முடியவில்லை. ‘என் உடம்பில் நடப்பதை என்னால் மாற்ற முடிகிறது’ என்று ஒரு பிள்ளை கண்ணால் காண்பது, மாறும் எண்ணைவிடப் பெரிய மருந்தாக இருக்கக்கூடும். எப்போது வரும், எங்கே வரும் என்று தெரியாத வலியோடு வாழ்கிறவர்களுக்கு அந்த நம்பிக்கை எளிதில் கிடைக்கிற பொருள் இல்லை.

பிள்ளைகள் மீது செய்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2016ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்தது. கிடைத்தவை ஐந்தே ஆய்வுகள், மொத்தம் 137 பேர். சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால் பயோஃபீட்பேக் பெற்றவர்களுக்கு வலி வரும் எண்ணிக்கை, நேரம், கடுமை மூன்றும் குறைந்தன. ஆனால் வேறு நடத்தைப் பயிற்சிகளோடு ஒப்பிட்டபோது அது தனியாக உயர்ந்து நிற்கவில்லை. அவற்றோடு சேர்த்தபோது கூடுதல் பலனும் தெரியவில்லை. ஆய்வுகளின் தரமும் கலவையானது. எனவே கருவி இல்லாவிட்டால் சிகிச்சையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த தளர்வுப் பயிற்சி கிட்டத்தட்ட அதே இடத்துக்குக் கொண்டுபோகும்.

பிறகு கருவி எதற்கு? பதின்பருவத்துக்காகத்தான். ‘உடம்பைத் தளர்த்து’ என்று பெரியவர் ஒருவர் மென்மையான குரலில் சொன்னால் கண்ணை உருட்டும் வயது அது. அதே பிள்ளை, திரையில் ஒரு கோடு ஏறுவதைப் பார்த்தால் விடாது. நேற்று 31, இன்று 33 என்று கணக்கு வைத்துக்கொள்ளும். கோட்டோடு வாதாட முடியாது. சில மென்பொருள்களில் தசை தளர்ந்தால்தான் படகு நகரும், பூ விரியும். விளையாட்டுதான். ஆனால் விளையாட்டின் வழியாகப் பிள்ளை தன் உடம்பை முதல்முறையாகக் கவனிக்கிறது.

முயன்றால் குளிரும்

முதல் அமர்வில் அநேகமாக எல்லாருக்கும் நடப்பது ஒன்று. சென்சாரை ஒட்டிவிட்டு, சூடாக்கு என்றதும் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு முயலும். எண் கீழே இறங்கும். இன்னும் முயலும். இன்னும் இறங்கும். சலித்துப்போய், ‘இது சரிப்படாது’ என்று நாற்காலியில் சாய்ந்து வேறெதையோ நினைக்கும்போது எண் மெல்ல ஏறத் தொடங்கும். ‘இப்போது என்ன செய்தாய்?’ ‘ஒன்றும் செய்யவில்லையே!’ பயிற்சி தொடங்குவது அந்தப் பதிலில்தான். எல்மர் கிரீன் இதற்கு முயலாமல் விழைவது என்கிற பொருளில் ஒரு பெயர் வைத்தார். நமக்கு அவ்வளவு சுற்றி வளைக்க வேண்டாம். சும்மா இருப்பது என்றே சொல்லலாம், அது எத்தனை கடினம் என்று தமிழில் ஏற்கனவே நிறையப் பாடிவைத்திருக்கிறார்கள். மதிப்பெண்ணுக்காக முயலவே பழக்கப்பட்ட பிள்ளைக்கு, முயற்சியை விடுவதால் பலன் வரும் ஒரே பாடம் இதுவாக இருக்கலாம்.

பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள் என்பது இந்தத் துறையில் உள்ளவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. நிபுணரிடம் பத்துக்கு உட்பட்ட அமர்வுகள் பெரும்பாலும் போதும். மீதியெல்லாம் வீட்டில்: தினமும் பத்து, பதினைந்து நிமிடம், முடிந்தவரை ஒரே நேரத்தில்.

அந்த ஒரே நேரம் எது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தலை வலிக்கும்போது மட்டும் செய்து பார்த்துவிட்டு, பிரயோசனமில்லை என்று விட்டுவிடுவார்கள். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் பழகுவது போல இது. பயிற்சி செய்ய வேண்டியது வலி இல்லாத நாட்களில். அதன் வேலை, வந்த வலியை நிறுத்துவதைவிட, எல்லையைத் தாண்டும் நாட்களைக் குறைப்பது. நன்றாகப் பழகியவர்கள் வலியின் ஆரம்பத்திலேயே பயன்படுத்தித் தணிப்பதும் உண்டு. கண்முன் கோடுகள் மின்னுவது, கொட்டாவி, கழுத்து விறைப்பு, காரணமில்லாத எரிச்சல் என்று முன்னறிகுறிகளை அடையாளம் கண்டுகொண்டவர்களுக்கு அது கூடுதலாகக் கைகொடுக்கும். முழுதாக மூண்டுவிட்ட வலிக்கு மருந்துதான். மருத்துவர் சொன்ன அளவில் இபுப்ரோஃபென் போன்ற வலிமருந்தைத் தாமதிக்காமல் எடுப்பதும், இருட்டறையில் படுப்பதும் பயிற்சியில் தோற்றதாகாது. மாறாக, மாதத்தில் 15 நாட்களுக்கு மேல் சாதாரண வலிமாத்திரை, அல்லது 10 நாட்களுக்கு மேல் மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மருந்து எனச் சில மாதம் போனால், மருந்தே தலைவலியைக் கொண்டுவர ஆரம்பிக்கும். பயிற்சி உண்மையில் காப்பாற்றுவது இந்தச் சுழலிலிருந்து.

தூக்கத்தை விட்டுவிட்டு இதையெல்லாம் செய்வதில் பொருளில்லை. இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் தேவை. உடல் கடிகாரமோ பதின்பருவத்தில் இயல்பாகவே பின்னோக்கித் தள்ளிப்போகிறது, பள்ளி மணி முன்னோக்கி இழுக்கிறது. பயிற்சியைப் படுக்கப் போகும் முன் வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் உதவும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு முறையாவது விழித்திருக்கும் நேரத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கற்றுக்கொள்வது தளர்வை அல்ல, தூங்குவதை.

பெற்றோருக்கு இதில் இருக்கும் வேலை விசித்திரமானது: குறைவாகச் செய்வது. காலையில் எழுந்ததும் ‘தலை எப்படி இருக்கிறது?’, சாயங்காலம் வந்ததும் ‘வலித்ததா?’ என்று கேட்பது அன்பினால்தான். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் பிள்ளையின் கவனத்தைத் தலைக்குத் திருப்புகிறது. வலியைப் பதிவு செய்ய டைரி இருக்கிறது; அதைப் பிள்ளையே எழுதட்டும், வாரம் ஒருமுறை சேர்ந்து பார்த்தால் போதும். ‘இன்றைக்குப் பயிற்சி செய்தாயா?’ என்ற போலீஸ் வேலையும் அப்படித்தான், தளர்வை வீட்டுப்பாடமாக்கிவிடும். அதற்குப் பதில் தாங்களும் கூட உட்கார்ந்து பத்து நிமிடம் செய்யலாம். வலியால் பள்ளிக்குப் போகாத நாளில் திரையும் கொண்டாட்டமுமாக இல்லாமல் உண்மையான ஓய்வாக இருக்கட்டும். தணிந்ததும் பாதி நாளாவது போகட்டும். இது தண்டனை இல்லை என்று பிள்ளைக்குப் புரியும்படி சொல்வதுதான் கஷ்டமான பகுதி.

எல்லாத் தலைவலிக்கும் இந்த வழி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இடி விழுந்தது போல நொடிகளில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, தலையில் அடிபட்ட பிறகு வந்த வலி, தூக்கத்திலிருந்து எழுப்பும் அல்லது காலையில் வாந்தியோடு வந்து நாளுக்கு நாள் கூடும் வலி, கை கால் பலவீனம், தடுமாற்றம், இரட்டையாகத் தெரிவது, நடத்தையில் மாற்றம்: இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவர்தான். மனச்சோர்வோ கடும் பதற்றமோ இருக்கும் பிள்ளைக்கு அதற்கான சிகிச்சை தனியாக வேண்டும். கண்ணை மூடி உள்ளே கவனிக்கச் சொன்னாலே சிலருக்குப் பதற்றம் கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தபடியே செய்யலாம், மூச்சுக்குப் பதில் தசையில் தொடங்கலாம்.

கடைசி அமர்வுகளில் திரையைத் திருப்பி வைத்துவிடுவார்கள். பிள்ளை கண்ணை மூடி, தன் விரல் இப்போது எத்தனை டிகிரி என்று ஊகிக்க வேண்டும். பிறகு திரையைப் பார்க்கலாம். முதலில் மூன்று நான்கு டிகிரி தவறும். நாளாக ஆக ஒன்று, அரை என்று நெருங்கும். ஊகமும் எண்ணும் தொடர்ந்து ஒத்துப்போக ஆரம்பித்ததும் சென்சாரைக் கழற்றிவிடுகிறார்கள்.